ஆண்டிபட்டியை முன்வைத்துத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள்: ஒரு மதிப்பீடு

ஒரு சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை ஆராய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் நாடுவது, ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்குப் பிறகும் இந்தியத் தேர்தல் ஆணையம் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கைகளைத்தான். 1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தல் தொடங்கி இவை ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பதிவு செய்துகொள்ளவோ அனுமதி கேட்கவோ வேண்டியதில்லை. இந்த அறிக்கைகள் எந்த அளவுக்குப் பயன்படுகின்றன, எந்த இடத்தில் கைவிடுகின்றன என்பதைப் பொதுப்படையாகப் பேசுவதைக் காட்டிலும் ஒரு தொகுதியை எடுத்துக்கொண்டு பார்ப்பதே முறை. தேனி மாவட்டத்தின் ஆண்டிபட்டி அதற்குப் பொருத்தமானது. இரண்டு முதலமைச்சர்களைப் பேரவைக்கு அனுப்பிய தொகுதி அது; இரண்டு முக்கியமான இடைத்தேர்தல்களைக் கண்டது; எல்லைகளை மாற்றியமைக்கும் தொகுதி மறுவரையறைக்கும் உட்பட்டது.

அறிக்கையின் அமைப்பு ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறினாலும் அடிப்படையில் ஒன்றுதான். கட்சிகளின் பட்டியலும் அவற்றின் சுருக்கப் பெயர்களும் முதலில் வரும். மாநில அளவில் ஒவ்வொரு கட்சியும் போட்டியிட்ட இடங்கள், வென்ற இடங்கள், பெற்ற வாக்குகள் ஆகியவை அடுத்து வரும். அதன்பின் தொகுதிவாரியான சுருக்கமும், இறுதியில் வேட்பாளர்வாரியான விரிவான முடிவுகளும் இடம்பெறும். அவசரத்தில் இருப்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குத் தாவி, வென்றவர் யார், தோற்றவர் யார், வித்தியாசம் எவ்வளவு என்பதைக் குறித்துக்கொண்டு அறிக்கையை மூடிவிடுவார்கள். என் கணிப்பில் இந்த அறிக்கைகளின் உண்மையான செல்வம் அதற்கு முன்னால் உள்ள தொகுதிச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. எத்தனை பேர் மனுத் தாக்கல் செய்தார்கள், எத்தனை மனுக்கள் தள்ளுபடியாயின, எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை பேர் டெபாசிட் இழந்தார்கள் என்பவை ஆண், பெண் எனப் பிரித்துத் தரப்பட்டிருக்கும். வாக்காளர் எண்ணிக்கை, அஞ்சல் வாக்குகள், செல்லாத வாக்குகள், வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கை, ஒரு சாவடிக்குச் சராசரியாக எத்தனை வாக்காளர்கள், வாக்குப்பதிவு நாள், வாக்கு எண்ணிக்கை நாள் ஆகியவையும் அங்கேயே உண்டு. நாளிதழ்கள் தேர்தல் மறுநாள் வெளியிடும் பட்டியல்களில் இவற்றில் பாதிகூட இருக்காது.

எண்களின் நம்பகத்தன்மையைப் பொறுத்தவரை இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது. ஒரு தேர்தலை முழுமையாகப் பதிவு செய்வதில் இந்த அறிக்கைகள் காட்டும் பொறுமைக்கு 1996-ம் ஆண்டின் மொடக்குறிச்சி ஒன்றே போதும். 1,033 வேட்பாளர்கள் போட்டியிட்ட அந்தத் தொகுதியில் வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சிடப்பட்டது. தேர்தலும் மற்றத் தொகுதிகளோடு நடத்தப்படாமல் தள்ளிவைக்கப்பட்டது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்ற அந்தப் போட்டியில் 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை, அதாவது தம் வாக்கையே அவர்கள் தமக்கு அளிக்கவில்லை. அத்தனை பேரின் பெயர்களையும் பூஜ்யங்களோடு சேர்த்து வரிசைப்படுத்தித் தரும் ஆவணத்தை அலட்சியமாகத் தொகுக்கப்பட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதும், அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளைச் சேராத வேட்பாளர்களுக்குப் பத்து முன்மொழிபவர்கள் தேவை என்ற விதி வந்ததும் அதே ஆண்டில்தான் என்பதை அறிந்தவர்கள், அடுத்துவந்த அறிக்கைகள் ஏன் மெலிந்திருக்கின்றன என்பதையும் புரிந்துகொள்வார்கள்.

இனி ஆண்டிபட்டிக்கு வருவோம். 2001 முதல் 2021 வரை நடந்த ஐந்து பொதுத்தேர்தல்களின் அறிக்கைகளை மட்டும் வரிசையாக எடுத்து வைத்துப் படித்தால் கிடைக்கும் கதை இதுதான்: 2001-ல் அ.தி.மு.க.வின் தங்க தமிழ்ச்செல்வன் வென்றார், 2006-ல் அதே கட்சியின் பொதுச்செயலாளர் ஜெயலலிதா 73,927 வாக்குகள் பெற்று 25,186 வாக்கு வித்தியாசத்தில் வென்றார், 2011-லும் 2016-லும் தங்க தமிழ்ச்செல்வன் மீண்டும் வென்றார், 2021-ல் தி.மு.க.வின் ஆ.மகாராஜன் 8,538 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இதில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் இதை ஆண்டிபட்டியின் வரலாறு என்று எழுதி வைத்தால் அது பெரும்பிழையாகும். ஜெயலலிதா அந்தத் தொகுதிக்கு முதன்முதலாக உறுப்பினரானது 2006-ல் அல்ல, 2002 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில், தி.மு.க. அந்தத் தொகுதியைக் கைப்பற்றியதும் 2021-ல் அல்ல, 2019 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில். தொகுதியின் போக்கைத் திருப்பிய இரண்டு தேர்தல்களுமே பொதுத்தேர்தல் அறிக்கைகளின் வரிசையில் இல்லை. ஆணையம் இடைத்தேர்தல் முடிவுகளைத் தனியாகத் தருகிறது என்பது உண்மையே. ஆனால் பொதுத்தேர்தல் அறிக்கையைப் படிப்பவருக்கு இடையில் ஒரு தேர்தல் நடந்திருக்கிறது, அதை வேறோரிடத்தில் தேடிப் பார்க்க வேண்டும் என்று சுட்டும் அடிக்குறிப்புகூடக் கிடையாது. விஷயம் தெரிந்தவர் தேடிக் கண்டுபிடிப்பார். தெரியாதவருக்குத் தாம் ஒன்றைத் தவறவிட்டோம் என்பதே தெரியாது.

2001-ம் ஆண்டின் அறிக்கை இதைவிடச் சுவையானது. அந்தத் தேர்தலில் ஜெயலலிதா ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை ஆகிய நான்கு தொகுதிகளில் மனுத் தாக்கல் செய்தார். டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலம் வாங்கியது தொடர்பான வழக்கில் பெற்ற தண்டனையும், ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் போட்டியிடக் கூடாது என்ற விதியும் காரணமாக நான்கும் தள்ளுபடியாயின. தேர்தலில் போட்டியிடாமலேயே அவர் அந்த மே மாதம் முதலமைச்சரானார். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. அடுத்திருந்த பெரியகுளம் தொகுதியின் உறுப்பினர் ஓ.பன்னீர்செல்வம் முதலமைச்சரானார், டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை அளித்த பிறகு, தங்க தமிழ்ச்செல்வன் பதவி விலகி விட்டுக்கொடுத்த ஆண்டிபட்டியில் ஜெயலலிதா நின்று, தி.மு.க.வின் வைகை சேகரை 41,201 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்து, மார்ச் மாதம் மீண்டும் முதலமைச்சரானார். தமிழ்நாட்டின் அண்மைக்கால அரசியல் வரலாற்றில் இவ்வளவு நெருக்கமாக ஒரே தொகுதியைச் சுற்றி நடந்த நிகழ்ச்சித்தொடர் வேறு அதிகமில்லை. 2001 அறிக்கையின் ஆண்டிபட்டிச் சுருக்கத்தில் இதற்கு இருக்கும் ஒரே தடயம், தள்ளுபடியான மனுக்கள் என்ற வரியில் பெண்களுக்கான கட்டத்தில் உள்ள எண்தான். தள்ளுபடியானவர்களின் பெயர்களை அறிக்கை தருவதில்லை. வாக்குகளை எண்ணித் தரும் ஆவணத்திடம் போட்டியிடாதவர்களின் பெயரை எதிர்பார்க்கக் கூடாது என்று வாதிடலாம். ஆனால் தள்ளுபடியான மனு ஒன்று ஒரு மாநிலத்தின் ஆட்சியையே அலைக்கழித்த நிகழ்வு இருக்கும்போது, அந்தப் பெயர்களையும் சேர்த்துத் தருவது பெரிய வேலையாக இருந்திருக்காது.

இடைத்தேர்தலைச் சேர்த்துக்கொண்டு எண்களைப் பார்க்கும்போது தொகுதியின் உருவமே மாறுகிறது. 2002-ல் ஜெயலலிதா பெற்றது 78,437 வாக்குகள், எதிர்த்து நின்றவர் பெற்றது 37,236. முதல் இரண்டு வேட்பாளர்களின் வாக்குகளை மட்டும் கூட்டி அதில் வென்றவரின் பங்கைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 68 சதவீதம். நான்கே ஆண்டுகளில், முதலமைச்சராக இருந்துகொண்டு அவர் மீண்டும் நின்ற 2006-ல் அந்தப் பங்கு 60 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 2006 அறிக்கையை மட்டும் படிப்பவருக்கு 25,186 என்ற வித்தியாசம் சுலபமான வெற்றியாகத் தோன்றும். 2002-ஐயும் அருகில் வைத்துப் பார்ப்பவருக்கு, ஆட்சியை இழந்த தேர்தலின் அலை அவருடைய சொந்தத் தொகுதியையும் தொட்டிருந்தது புலப்படும். இடைத்தேர்தலில் ஆளும்கட்சிக்குக் கிடைக்கும் கூடுதல் பலத்தையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது வேறு.

அறிக்கைகள் சொல்லாமல் விடும் இரண்டாவது விஷயம் எல்லை. டெலிமிடேஷன் என்று அலுவலக வட்டாரத்தில் சொல்லப்படும் தொகுதி மறுவரையறை, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையத்தால் செய்யப்பட்டு 2008-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வரையறை 1971 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. 1977 முதல் 2006 வரையிலான எட்டுப் பொதுத்தேர்தல்கள் அந்த எல்லைகளுக்குள்தான் நடந்தன. ஆக, 2006-ன் ஆண்டிபட்டியும் 2011-ன் ஆண்டிபட்டியும் பெயரளவில் ஒன்று, பரப்பளவில் ஒன்றல்ல. தங்க தமிழ்ச்செல்வன் 2011-ல் பெற்ற 91,721 வாக்குகளை 2006-ல் ஜெயலலிதா பெற்ற 73,927 வாக்குகளோடு ஒப்பிட்டு, தலைவரைக் காட்டிலும் தொண்டருக்குச் செல்வாக்கு அதிகம் என்று எவராவது எழுதினால் அதைவிட வேடிக்கை வேறில்லை. மேலே சொன்ன அதே முறையில் கணக்கிட்டால் 2011-ல் வென்றவரின் பங்கு 56 சதவீதம்தான், அதாவது வாக்கு கூடியிருக்கிறது, பங்கு குறைந்திருக்கிறது. எல்லை மாறியிருக்கிறது என்ற எச்சரிக்கையை 2011 அறிக்கையின் ஆண்டிபட்டிப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது.

அருகிலுள்ள தொகுதிகளைப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். தேனி என்ற பெயரில் இருந்த சட்டமன்றத் தொகுதி 2008 மறுவரையறையில் மறைந்துபோனது, பெரியகுளம் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியானது, அதனால் அங்கிருந்த ஓ.பன்னீர்செல்வம் 2011 முதல் போடிநாயக்கனூருக்கு மாறினார். மறுவரையறை நடந்தது தெரியாமல் அறிக்கைகளை மட்டும் படிப்பவர், பெரியகுளத்தில் தொடர்ந்து வென்றுவந்தவர் ஏன் திடீரென இடம் மாறினார் என்று அரசியல் காரணங்களைக் கற்பிக்கத் தொடங்கிவிடுவார். எனவே மறுவரையறை ஆணையை அருகில் வைத்துக்கொள்ளாமல் இந்த அறிக்கைகளைத் திறக்கக் கூடாது. அந்த ஆணை ஒவ்வொரு தொகுதியும் எந்தெந்த வட்டங்களையும் வருவாய்க் கிராமங்களையும் பேரூராட்சிகளையும் கொண்டது என்பதைப் பெயர்பெயராகச் சொல்கிறது. படிப்பதற்குச் சலிப்பூட்டும் ஆவணம்தான். ஆனாலும் தொகுதி வரலாற்றுக்கு அடித்தளமே அதுதான். தேனி மாவட்டம் 1996-ல்தான் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய ஆவணங்களில் இந்த ஊர்களை மதுரை மாவட்டத்தின் கீழ்த் தேட வேண்டும்.

கட்சிகளின் சுருக்கப் பெயர்களில் இன்னொரு பொறி உண்டு. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு நடந்த 1989 தேர்தலில் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து, இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப்புறா சின்னத்திலும் நின்றன. அறிக்கையில் இவை தனித்தனிச் சுருக்கங்களோடு தனிக் கட்சிகளாக இடம்பெறுகின்றன. தொடர் பட்டியல் தயாரிப்பவர் அ.தி.மு.க. என்ற ஒரே சுருக்கத்தைத் தேடிக்கொண்டு போனால் 1989-ல் அந்தக் கட்சியே போட்டியிடவில்லை என்ற முடிவுக்கு வர நேரும். ஆண்டிபட்டியில் இது வெறும் எழுத்துக்கணக்கு அல்ல. 1984-ல் அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபடியே, தொகுதிக்கு ஒருமுறைகூட வராமல் எம்.ஜி.ஆர். வென்ற இடம் இது. 1989-ல் அவருடைய மனைவி வி.என்.ஜானகி இங்கேயே நின்று தோற்றார், தி.மு.க.வின் ஆசையன் வென்றார். இரண்டு அணிகளும் பிரிந்து நின்றதால் தி.மு.க.வுக்கு வழி பிறந்ததா என்ற கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் இரண்டு வரிகளையும் தாமே கூட்டிப் பார்க்க வேண்டும். அறிக்கை அதைச் செய்து தராது, செய்து தரவும் கூடாது.

இன்னும் பின்னோக்கிப் போனால் 1957 அறிக்கையில் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். தி.மு.க. முதன்முதலாகத் தேர்தல் களம் கண்ட அந்த ஆண்டில் அது அங்கீகரிக்கப்பட்ட கட்சியாக இல்லாததால், காஞ்சிபுரத்தில் வென்ற அண்ணாதுரை உள்ளிட்ட அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே பதிவாகியிருக்கிறார்கள். 1952, 1957 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் வேறு இருந்தன. அவற்றில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள் என்பதால், இன்றைய முறையில் வாக்குச் சதவீதத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுவது பொருந்தாது. 1961-ல் கொண்டுவரப்பட்ட சட்டம் அந்த முறையை ஒழித்த பிறகே எண்கள் நேராக ஒப்பிடத்தக்கவையாக மாறுகின்றன. 234 இடங்கள் என்ற இன்றைய எண்ணிக்கையும் 1967-ல்தான் தொடங்குகிறது.

மேற்சொன்ன இடைவெளிகளில் சிலவற்றை நிரப்புவதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் உருவாக்கிய லோக் தாபா என்ற தரவுத்தளம். தேர்தல் ஆணையத்தின் எண்களையே மூலமாகக் கொண்டு, 1960-களின் தொடக்கத்திலிருந்து நடந்த சட்டமன்றத் தேர்தல்களை ஒரே அட்டவணையாகக் கோத்துத் தருகிறார்கள். பொதுத்தேர்தல் எது, இடைத்தேர்தல் எது என்பதற்குத் தனி நெடுவரிசை உண்டு. எந்த மறுவரையறைக் காலத்தைச் சேர்ந்தது என்பதற்கும் தனி நெடுவரிசை உண்டு. ஒரே மனிதர் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு தொகுதிகளில், வெவ்வேறு கட்சிகளில் நின்றாலும் அவரை ஒருவராகவே இனங்காட்டும் அடையாள எண்ணும் தந்திருக்கிறார்கள். 1962-ல் தேனியில் தி.மு.க. சார்பிலும் 1980-ல் ஆண்டிபட்டியில் அ.தி.மு.க. சார்பிலும் வென்ற நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரனைப் போன்றவர்களின் பாதையைப் பின்தொடர இத்தகைய எண் இன்றியமையாதது. ஆணையத்தின் அறிக்கைகளில் பெயர்கள் ஆங்கில எழுத்தில், முன்னெழுத்து ஓர் ஆண்டு முன்னும் ஓர் ஆண்டு பின்னுமாக வருவதால், பெயரை வைத்துத் தேடுவது அங்கே பெரும்பாடு. விரைவாக ஒரு தொகுதியின் முழு ஓட்டத்தையும் பார்க்க வேண்டும் என்றால் நான் முதலில் பரிந்துரைப்பது இந்தத் தரவுத்தளத்தைத்தான். மேற்கோள் காட்டும்போது மட்டும் எண்ணை ஆணையத்தின் அறிக்கையோடு ஒருமுறை ஒத்துப்பார்த்துக்கொள்வது நல்லது. தொகுத்தவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் தொகுப்பு தொகுப்புதான்.

எந்த அட்டவணையாலும் பிடிக்க முடியாத செய்திகளும் ஆண்டிபட்டியில் உண்டு. 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவரால் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 உறுப்பினர்களில் தங்க தமிழ்ச்செல்வனும் ஒருவர். அந்த நீக்கத்தை உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்ததையடுத்து, மக்களவைத் தேர்தலோடு சேர்த்து 2019 ஏப்ரல் 18-ல் இடைத்தேர்தல் நடந்தது. தி.மு.க.வின் ஆ.மகாராஜன் 87,079 வாக்குகளும் அ.தி.மு.க.வின் ஆ.லோகிராஜன் 74,756 வாக்குகளும் பெற்றார்கள். இருவரும் உடன்பிறந்த சகோதரர்கள். 2021-ல் அதே இருவரும் மீண்டும் மோதி, மீண்டும் மகாராஜனே வென்றார். பட்டியலில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து இருக்கும், அவ்வளவே. 2019-ல், அ.தி.மு.க.விலிருந்து பிரிந்த டி.டி.வி.தினகரனின் அ.ம.மு.க. (அம்மா மக்கள் முன்னேற்றக் கழகம்) வேட்பாளர் பெற்ற வாக்குகள் 12,323 என்ற வெற்றி வித்தியாசத்தைவிட அதிகம் என்பதை விரிவான முடிவுகளைப் பொறுமையாகப் படிப்பவர் கண்டுகொள்வார். அந்த வாக்குகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிய, அந்தக் கட்சி தோன்றிய கதையும் 2017 வரை தொகுதியை வைத்திருந்த தங்க தமிழ்ச்செல்வன் எந்தப் பக்கம் போனார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவர் அதே நாளில் தேனி மக்களவைத் தொகுதியில் அ.ம.மு.க. சார்பில் நின்று தோற்றார். சில வாரங்களில் தி.மு.க.வில் சேர்ந்தார், 2024-ல் அதே மக்களவைத் தொகுதியில் தி.மு.க. உறுப்பினராக வென்றார்.

சாவடி அளவில் ஆராய விரும்புவோருக்குப் புள்ளிவிவர அறிக்கை உதவாது. அதற்குத் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் அண்மைத் தேர்தல்களுக்குக் கிடைக்கும் படிவம் 20-ஐத்தான் பார்க்க வேண்டும்; ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளும், நோட்டாவுக்கு விழுந்தவையும் அதில் உண்டு. ஆண்டிபட்டி நகரம் ஒரு பக்கமும் கடமலைக்குண்டு, வருசநாடு மலையடிவாரக் கிராமங்கள் இன்னொரு பக்கமுமாக அமைந்த இந்தத் தொகுதியில், யாருக்கு எந்தப் பகுதி வாக்களித்தது என்பதை அதுவே காட்டும். ஒரு தேர்தலின் சாவடி எண்ணை அடுத்த தேர்தலின் அதே எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது; வாக்காளர் கூடும்போது சாவடிகள் பிரிக்கப்பட்டு எண்கள் நகர்ந்துவிடும். சாவடி அமைந்த பள்ளியின் பெயரை வாக்குச்சாவடிப் பட்டியலில் பார்த்துப் பொருத்திக்கொண்ட பிறகே 2016-ன் தாளையும் 2021-ன் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.